ரீற்றா அக்கா சொன்ன தடை

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில ஆகக் கடைசி வேலை என்ர. அறிவித்தல் வாசிக்கிறது.

ஏன் அந்த வேலையை எனக்குத் தந்தவை எண்டு கேட்கிறியளோ? பாடகர் குழுவில விட்டுப் பார்த்தவை — பக்கத்தில நிண்ட ஆளும் சுருதி தவறிப் போனார். வாசகம் வாசிக்க விட்டுப் பார்த்தவை — புனித பவுல் எழுதினது அவருக்கே விளங்காத மாதிரி வாசிச்சுப் போட்டன். கடைசியில பாதர்தான் முடிவெடுத்தார்.

"அண்ணை, அறிவித்தல்ல நீங்கள் பிழைவிட ஒண்டுமில்லை. எழுதித் தாறதை அப்பிடியே வாசியுங்கோ. பகிடி மட்டும் விடாதேங்கோ."

எங்கட பாதர் வயசு குறைஞ்ச ஆள். மன்னார்ப் பக்கம். பெரிய படிப்பெல்லாம் படிச்சவர். ஆனா வவுனியா நெளுக்குளத்துச் சனத்தை இன்னும் படிச்சு முடிக்கேல்லை.

சரி, விஷயத்துக்கு வாறன். போன மாசம் ஒரு ஞாயிறு, அறிவித்தல்ல ஒரு கலியாணம் இருந்தது. கிறிஸ்தவரா இல்லாத ஆக்களுக்காகச் சொல்லுறன்: எங்கட கோயில்ல ஒரு பொடியனும் பெட்டையும் கட்டப் போகினம் எண்டால், அதை மூண்டு ஞாயிறு சனத்துக்கு முன்னால வாசிக்க வேணும். கடைசியில ஒரு வசனம் வரும் — "இத்திருமணத்திற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் அதைப் பங்குத்தந்தைக்கு அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

இந்த வசனத்தை வாசிச்சுப் போட்டு நான் ஒரு சின்ன இடைவெளி விடுவன்... தலையை நிமித்திச் சனத்தை ஒருக்காப் பார்ப்பன். நாடகத்தனம்தான், ஒத்துக்கொள்ளுறன். சனமும் ஆளை ஆள் திரும்பிப் பார்க்கும். இத்தினை வருசத்தில ஒருத்தரும் வந்து தடை சொன்னதில்லை.

அண்டைக்கு வாசிச்சது யூட்டுக்கும் தர்சினிக்கும். ரெண்டும் எங்கட ஒழுங்கைப் பிள்ளையள், ஒரே தெரு. யூட் ரீற்றா அக்கான்ர ஒரே மகன். வாகனம் திருத்துற கடையில வேலை. தர்சினி அடுத்த வீட்டு லெட்சுமியின்ர மூத்த மகள். பாலர் பாடசாலையில படிப்பிக்கிறாள். சைவப் பிள்ளை. அதுக்கு ஆயரிட்ட அனுமதி எடுத்தாச்சு. அவள் மதம் மாறத் தேவையில்லை. யூட்தான் தன்ர விசுவாசத்தில நிற்பன் எண்டும், பிறக்கிற பிள்ளையளுக்கு ஞானஸ்நானம் குடுக்கத் தன்னால ஏலுமானதைச் செய்வன் எண்டும் வாக்குக் குடுத்தவன். எல்லாம் ஒழுங்கு.

வாசிச்சன். இடைவெளி விட்டன். ஒரு சத்தமும் இல்லை.

பூசை முடிய மைக் வயரைச் சுத்திக்கொண்டு பாதரின்ர அறைக்குள்ள நிற்கிறன்... வாசல்ல ரீற்றா அக்கா. தலையில போட்ட முக்காட்டைக்கூட எடுக்கேல்லை.

"பாதர், ஒரு தடை இருக்கு."

மாப்பிள்ளையின்ர தாய்!

"என்ன தடையம்மா?"

"அதுகள் ரெண்டும் அண்ணன் தங்கச்சி."

பாதரின்ர கையில இருந்த தண்ணிக் கிளாஸ் வாய்க்குப் போகாமல் பாதியில நிண்டது. என்ர கையில இருந்த வயர் நிலத்தில. பாதர் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார். நான் உள்பக்கம் நிண்டுட்டன் — தற்செயலாத்தான், நம்புங்கோ.

"ஒரே தாயோ?"

"இல்லை."

பாதர் கிளாஸை மேசையில வைச்சார். "அப்ப... ஒரே தகப்பனோ?"

"என்ன கதை பாதர் கதைக்கிறியள்! என்ர மனுசன் அப்பிடிப்பட்ட ஆளில்லை!"

"பிறகெப்பிடியம்மா அண்ணன் தங்கச்சி?"

"லெட்சுமி என்ர தங்கச்சியெல்லோ."

"கூடப் பிறந்த தங்கச்சியோ?"

"இல்லை. முகாமில வந்த தங்கச்சி."

பாதர் என்னைப் பார்த்தார். செமினரியில இதைப் படிப்பிக்கேல்லை எண்டு அந்த முகத்தில எழுதியிருந்தது.

அந்தத் தங்கச்சி வந்த கதையைச் சொல்லாட்டி உங்களுக்கும் விளங்காது. சண்டை முடிஞ்ச காலம், எங்களையெல்லாம் முகாமில கொண்டு வந்து விட்டிருந்தவை. ரீற்றா அக்கா புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து யூட்டை மட்டும் கையில பிடிச்சுக்கொண்டு வந்தவா. அவவின்ர மனுசன் வந்து சேரேல்லை. பக்கத்துக் கூடாரத்தில லெட்சுமி குடும்பம். தேயிலைத் தோட்டத்தில இருந்து ஒரு காலம் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறின ஆக்களின்ர மகள்.

தண்ணி பவுசர் லொறியில வரும். பெரிய லைன். இன்னொருத்தருக்கு வாளி வைக்கேலாது, சொந்தக்காரர் எண்டால் மட்டும் வைக்கலாம் எண்டு லைன்ல நிண்டவை தாங்களே ஒரு சட்டம் போட்டிருந்தவை. ஒரு நாள் ரீற்றா அக்காவுக்கு எழும்பேலாத காய்ச்சல். லெட்சுமி ரெண்டு வாளியோட வந்து நிண்டாள்.

"மற்றது ஆற்ற வாளி?" எண்டு பின்னால நிண்ட மனிசி சத்தம் போட்டா.

"எங்க அக்காது!"

அவ்வளவுதான். அண்டையில இருந்து அக்கா — தங்கச்சி. யூட்டுக்கு லெட்சுமி சித்தி. தர்சினிக்கு ரீற்றா அக்கா பெரியம்மா. முகாமால வெளிய வந்து இஞ்ச காணி எடுத்ததும் பக்கத்தில பக்கத்தில. நடுவில வேலி போட்டவை, ஆனா வேலியில ஒரு பொட்டு விட்டவை — ஒரு ஆள் சரிஞ்சு பூந்து போற அளவு இடைவெளி. அதுக்குள்ளாலதான் கறி வரும், பிள்ளையள் வரும், சண்டையும் வரும். உன்ர கோழி என்ர கீரையைக் கிண்டிப்போட்டுது, உங்க மகன் எங்க வாளிய உடைச்சுப்புட்டான்... விடிய எழும்பினால் எங்கட ஒழுங்கைக்கு ரேடியோ தேவையில்லை. பின்னேரம் ஆரோ ஒருத்தி கறிச்சட்டியோட பொட்டுக்குள்ளால போவாள். சமாதானம்.

இப்ப பிள்ளையள் கட்டப் போகினம். கலியாணப் பேச்செடுத்த மூண்டு மாசமா ரீற்றா அக்கா முறை பற்றி வாயே திறக்கேல்லை. கோயில்ல நான் வாசிச்ச வசனம் அவவைப் பிடிச்சு உலுப்பிப் போட்டுது. கடமைப்பட்டிருக்கிறார்கள் எண்டால் சும்மாவே?

இந்த உறவுமுறைச் சமாச்சாரம் எனக்கும் கொஞ்சம் தெரியும். ஏனெண்டால் நான் கட்டினது என்ர சொந்த மாமான்ர மகளை. எங்கட சனத்திட்டக் கேட்டால் அது உரிமை. திருச்சபையிட்டக் கேட்டால் அது தடை — கிட்டின இரத்த உறவு, ஆயர் அனுமதி தந்தால்தான் கட்டலாம். எழுதிப் போட்டு, காத்திருந்து, அனுமதி எடுத்துத்தான் தாலி கட்டினனான். இண்டைக்கும் என்ர மனுசிக்குக் கோவம் வந்தால் என்னோட கதைக்கிறேல்லை. அந்தோனியார் படத்தைப் பார்த்துத்தான் கதைப்பா. "அந்த ஆயராவது கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்."

யூட்டுக்கும் தர்சினிக்கும் மற்றப் பக்கம். திருச்சபைச் சட்டத்தில தடையில்லை. நாட்டுச் சட்டத்திலயும் தடையில்லை. ஆனா எங்கட சனத்தின்ர வாயில முறை பிழை. சட்டம் இரத்தத்தைப் பார்க்குது, நாங்கள் கூப்பிடுற வாயைப் பார்க்கிறம். எது பெரிசு?

பாதர் பாவம். "இது தடையில்லையம்மா" எண்டார். ரீற்றா அக்கா அசையேல்லை. "அப்ப ஏன் கடமை எண்டு வாசிக்கிறியள்?" எண்டா. கடைசியில பாதர் சொன்னார்: "தடை எண்டு ஒருத்தர் சொன்னால் நான் விசாரிக்கத்தான் வேணும். புதன்கிழமை பின்னேரம் ரெண்டு தாய்மாரும் வாங்கோ." ரீற்றா அக்கா போன பிறகு என்னட்டத் திரும்பி, "அண்ணை, பக்கத்து வீடுதானே. போய்க் கொஞ்சம் கதைச்சுப் பாருங்கோ" எண்டார்.

நான் சமாதானம் பேசப் போன இடங்களில என்ன நடந்தது எண்டு பேப்பரில இந்தப் பத்தியை வாசிச்சு வாற உங்களுக்குத் தெரியும். பாதருக்குத் தெரியாது.

திங்கட்கிழமை விடிய ஒழுங்கையில சத்தமில்லை. எட்டிப் பார்த்தால்... வேலிப் பொட்டில ஒரு பெரிய தகரம். ஆணி அடிச்சு இறுக்கியிருக்கு. ரீற்றா அக்கான்ர பக்கத்தால.

"அங்க போய்ப் பகிடி விடாதேங்கோ" எண்டு மனுசி சொல்லித்தான் அனுப்பினவா.

லெட்சுமி முத்தத்தில இருந்து பயித்தங்காய் முறிச்சுக்கொண்டிருந்தாள். வழக்கமா "வாங்கண்ணே" எண்டு எழும்புவாள். அண்டைக்குத் தலையை மட்டும் நிமித்தினாள்.

"பாத்தீங்களாண்ணே? தகரம்."

"பார்த்தன்..."

"நாங்க தோட்டத்துல இருந்து வந்த ஆளுங்கன்னுதானே?"

அப்பிடி ஒரு கதை எங்கட ஆக்களின்ர வாயில இல்லை எண்டு நான் சொன்னால் அது பொய். இருக்கு. பூசை கண்டு நற்கருணை வாங்கின வாயிலயும் இருக்கு. ஆனா ரீற்றா அக்கான்ர வாயில? எனக்கு நம்பேலாமல் இருந்தது. நல்லா ஏதாவது சொல்ல வேணும் எண்டு வாயைத் திறந்தன். வந்தது பகிடி.

"சீச்சீ... அவ உன்ர கோழிக்குத்தான் தகரம் அடிச்சிருக்கிறா."

லெட்சுமி சிரிக்கேல்லை. பயித்தங்காய் ஒண்டு 'டக்' எண்டு முறிஞ்சுது. "தங்கச்சியா இருக்கலாம்ணே. மருமகளா மட்டும் வரக்கூடாது. அதானே?" எண்டாள். நான் வந்த வழியே திரும்பினன்.

வாசல் படலையில யூட் நிண்டான். கையெல்லாம் கிறீஸ்.

"மாமா, அம்மா வேண்டாம் எண்டால் நான் அவவை மீறிக் கட்டமாட்டன். ஆனா வேற ஆரையும் கட்டவும் மாட்டன்."

"உனக்கு அவள் தங்கச்சி முறையெல்லோடா?"

"அவள் என்னை ஒரு நாளாவது அண்ணா எண்டு கூப்பிட்டதை நீங்கள் கேட்டனியளே?"

யோசிச்சுப் பார்த்தன். மெய்தான். சின்னனில இருந்தே 'இஞ்ச', 'இஞ்ச பாருங்கோ' எண்டுதான் கூப்பிடுவாள்... வீட்ட வந்து பெரிய கண்டுபிடிப்பு மாதிரி மனுசிக்குச் சொன்னன்.

"அது எனக்கு எப்பவோ தெரியும். நீங்கள் ஒழுங்கையில குடியிருக்கிறியளோ, இல்லை வானத்திலயோ?"

ரீற்றா அக்காட்டயும் போனன். உள்ளுக்கு வரச் சொல்லேல்லை. "தம்பி, நீ அறிவித்தல் வாசிக்கிற வேலையைப் பார்" எண்டா. பார்த்தன்.

புதன்கிழமை. பாதரின்ர அறை. மேசைக்கு ஒரு பக்கம் ரீற்றா அக்கா, மற்றப் பக்கம் லெட்சுமி. ஆளை ஆள் பார்க்கேல்லை. நான் சாட்சி எண்டு சொல்லி மூலையில இருக்கிறன். வெளியில மாமரத்துக்குக் கீழ யூட்டும் தர்சினியும். பொடியன் சப்பாத்தைப் பார்க்கிறான். பெட்டை கதவைப் பார்க்கிறாள்.

பாதர் வேதாகமத்தை மேசையில வைச்சார். "ரீற்றாம்மா, கையை வைச்சுச் சொல்லுங்கோ. ரெண்டு குடும்பத்துக்கும் உறவு இருக்கோ?"

ரீற்றா அக்கா கையை வைச்சா. "ஓம். இருக்கு."

பாதர் ஒரு பெருமூச்சு விட்டார். லெட்சுமியைப் பார்த்து, "நீங்கள் கை வைக்கத் தேவையில்லை. வாயால சொன்னால் காணும்" எண்டார்.

"இல்லீங்க சாமி. அக்கா வச்சதுலயே நானும் வைக்கிறேன்."

வைச்சாள். புத்தகத்தில எவ்வளவோ இடமிருந்தது. அவளின்ர கை ரீற்றா அக்கான்ர கைக்கு மேலதான் போனது.

"சொல்லுங்கோ. உறவு இருக்கோ?"

"இல்லீங்க சாமி. அவங்க யாரோ, நாங்க யாரோ. முகாமுல பக்கத்துக் கூடாரம், அவ்வளவுதான். ஒரு உறவும் கெடையாது. புள்ளைங்க கட்டிக்கிடட்டும்."

குரல் ஆடேல்லை. கண் மட்டும் மேசையை விட்டு எழும்பேல்லை. சட்டப்படி பார்த்தால் அவள் சொன்னதில ஒரு சொல்லும் பொய்யில்லை. பாதருக்கு முகம் தெளிஞ்சுது. சரி எண்டு சொல்ல வாயைத் திறந்தார்...

பளார்!

லெட்சுமியின்ர கையில ஒரு அடி.

"வேதப் புத்தகத்தில கை வைச்சுப் பொய் சொல்லுறியோடி!"

"பொய்யில்லக்கா. நீங்கதானே தகரம் அடிச்சீங்க. எங்க வீட்டுப் பொண்ணு வேணாம்னா வாயால சொல்லுங்க. தோட்டத்து ஆளுங்கன்னு சொல்லுங்க. தகரம் எதுக்குக்கா?"

ரீற்றா அக்கா வாயைப் பிளந்தபடி இருந்தா. மெய்யா அவ இப்பிடி ஒரு அர்த்தத்தை யோசிச்சே பார்க்கேல்லை எண்டு அந்த முகத்தைப் பார்த்த எனக்கு விளங்கினது.

"அடி விசரி! சம்பந்தி வீட்டுக்குப் பொட்டுக்குள்ளால பூந்து போறதே? ஊர் என்ன சொல்லும்? அதை அடைக்காமல் விட்டால் நீ நாளைக்கும் நைற்றியோட என்ர குசினிக்குள்ள வந்து நிற்பாய். இனி நீ பொம்பிளையின்ர தாயடி! கேற்றால வரவேணும். முன்னுக்குக் கதிரையில இருத்த வேணும். தட்டில வைச்சுச் சோடா தரவேணும்..."

"எனக்கு சோடா வேணாம்க்கா."

"எனக்கும் தர விருப்பமில்லையடி!"

"அப்புறம் ஏன்க்கா..."

"அதைத்தானே நான் தடை எண்டு சொன்னனான்! இந்தப் பாதருக்கு விளங்கேல்லை." ரீற்றா அக்கான்ர குரல் உடைஞ்சு போச்சு. "எனக்கு எண்டு இருக்கிற சொந்தம் நீ ஒருத்திதான். அதுகள் கட்டினால் நீ எனக்குச் சம்பந்தி. சம்பந்தியோட நான் எப்பிடியடி சண்டை பிடிக்கிறது? சம்பந்தி கோவிச்சால் ஊரில பெரியாக்களைக் கூட்டிக்கொண்டெல்லோ சமாதானத்துக்கு வரவேணும். தங்கச்சி கோவிச்சால் பின்னேரம் ஒரு கறி குடுத்தால் முடிஞ்சுது."

லெட்சுமி அடி விழுந்த கையாலயே ரீற்றா அக்கான்ர கையைப் பிடிச்சாள். ரெண்டும் அழுதுதுகள். நான் கூரையில எத்தினை ஓடு மாத்த வேணும் எண்டு கடுமையா ஆராய்ஞ்சுகொண்டிருந்தன். கண்ணுக்குள்ள தூசி.

பாதர் கனைச்சார். "அப்ப ரீற்றாம்மா... பிள்ளையள் கட்டுறது உங்களுக்கு விருப்பமில்லை எண்டில்லையோ?"

"ஆர் சொன்னது விருப்பமில்லை எண்டு? என்ர மொக்கனுக்கு அவளை விட்டால் ஆர் கிடைப்பாள்?"

"அப்ப ஒண்டு சொல்லுறன் கேளுங்கோ. கலியாணத்தால மாப்பிள்ளைக்கு உறவு வரும். பொம்பிளைக்கு உறவு வரும். ஆனா ரெண்டு தாய்மாருக்கு இடையில திருச்சபைச் சட்டத்தில ஒரு உறவும் இல்லை. சம்பந்தி எண்டு ஒரு சொல்லே அதில இல்லை."

ரீற்றா அக்கா மூக்கைத் துடைச்சா. "மெய்யோ பாதர்?"

"மெய்."

"அப்ப நான் இவளைத் தங்கச்சி எண்டு வைச்சிருந்தால் பாவமில்லையே?"

"இல்லை."

"யூட் சித்தி எண்டு கூப்பிட்டால்?"

"கூப்பிடட்டும்."

"பாவம் இல்லை, ஆனா ஒழுங்கைக்குத்தான் இரைச்சல்" எண்டன் நான். ஒருத்தரும் சிரிக்கேல்லை. பாதர் கதவைத் திறந்து என்னை முதல்ல வெளிய விட்டார்.

மாமரத்துக்குக் கீழ நிண்ட ரெண்டும் எங்களைப் பார்த்துக்கொண்டு நிக்குதுகள். ரீற்றா அக்கா நேர தர்சினியிட்டப் போனா. "இஞ்ச வா. உன்ர கொம்மாவுக்குச் சத்தியம் பண்ணத் தெரியாது. நீயாவது பழகு." அவள் பெரியம்மான்ர கழுத்தைக் கட்டிப் பிடிச்சாள். யூட்டுக்கு என்ன நடந்ததெண்டு இண்டைக்கும் முழுக்க விளங்கேல்லை. மாப்பிள்ளைமாருக்கு விளங்கத் தேவையுமில்லை.

எங்கட கோயில்ல மூண்டு ஞாயிறு வாசிக்கிறதை நான் இவ்வளவு காலமும் ஒரு சடங்கு எண்டுதான் நினைச்சிருந்தனான். மனசுக்குள்ள கிடக்கிறதைச் சொல்லச் சனத்துக்கு ஒரு தவணை குடுக்கினம் எண்டு இப்பதான் விளங்குது. என்ன, சனம் சொல்லுற தடை எல்லா நேரமும் சட்டப் புத்தகத்தில இருக்காது.

அடுத்த ஞாயிறு ரெண்டாம் அறிவித்தல். ரெண்டாம் வாங்கில ரீற்றா அக்கா. பக்கத்தில, முதல் தரமா எங்கட பூசைக்கு வந்த லெட்சுமி — எல்லாரும் எழும்பேக்க எழும்பி, இருக்கேக்க ஒரு நொடி பிந்தி இருந்துகொண்டு. நான் தடை வசனத்துக்கு வந்தன். பழக்கதோசம், இடைவெளி விட்டுச் சனத்தைப் பார்த்தன்.

"வாசி தம்பி, வாசி! என்ன பார்வை?" எண்டு ரீற்றா அக்கா வாங்கில இருந்தே சொன்னா. கோயில் முழுக்கச் சிரிப்பு. பாதரும். நான் விட்ட பகிடி ஒண்டுக்கும் இப்பிடிச் சிரிச்சதில்லை.

இதை எழுத ரீற்றா அக்காட்டக் கேட்டனான். பேரை மாத்தவோ எண்டும் கேட்டன். "ஏன், நானென்ன களவெடுத்தனானோ?" எண்டா. நான்தான் எல்லாற்ற பேரையும் மாத்திப் போட்டன். எனக்கு ஒழுங்கையில குடியிருக்க வேணும்.

நேற்று விடிய, தேத்தண்ணியோட முத்தத்தில இருக்கிறன். வேலிப் பொட்டு திறந்து கிடக்கு. கழட்டின தகரத்தை லெட்சுமி தன்ர கோழிக்கூட்டுக்குக் கூரையாப் போட்டுட்டாள்.

"அது என்ர தகரமடி! தா!"

"ஒங்க மருமக வீட்டுக் கோழிதான்க்கா நனையுது!"

"மருமகளை நான் பார்ப்பன், கோழியை நீ பார்!"

சண்டை நல்லாச் சூடு பிடிச்சுது. அப்பாடா... இனிக் கலியாணத்துக்கு ஒரு தடையும் இல்லை.